சுவருக்குள் ஒரு துடைப்பம்



தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் எவரேனும் கூடத்துச் சிமெண்ட் தரையைப் பெருக்குவதுண்டா? பூந்துடைப்பத்தைக் கொண்டு முற்றத்துச் சருகை வாருவாருண்டா? ஒட்டடைக் கம்பால் கட்டிலின் அடியைத் துழாவுவாருமில்லை. முற்றத்திற்கு ஒன்று, கூடத்திற்கு ஒன்று, மோட்டுவளைக்கு ஒன்று என நம் வீட்டுப் பெண்மணிகள் இடமறிந்து கருவியைப் பிரித்து வைத்திருக்கின்றனர். எவரும் ஏட்டில் எழுதி வைக்காத இந்த அறிவே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளுக்குத் திறவுகோலாகும்.

கனடாவின் டொரன்டோ நகரை அடுத்து வாழும் வாசகச் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதத்தின் சாரம் இது. அவர்கள் அண்மையில் பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கின்றனர். அவ்வீட்டின் சுவர்களில் மூன்று இடங்களில் மூடியிட்ட துளைகள் உள்ளன. பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையில் பெரிய உருளை ஒன்று சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அது வீடு முழுமைக்குமான வாக்குவம் கிளீனர் என்று தெரிந்துகொண்டனர். ஆனால் முன்பிருந்தவர்கள் அதன் குழாயையும் பிரஷ்களையும் எடுத்துச் சென்றுவிட்டனர். எட்டு வயது மகனுக்கு இழுப்பு நோய். குளிர்காலத்தில் சன்னல்களைத் திறக்க இயலாத மாதங்களில் அது மிகுகிறது. படுக்கை அறைகள் அனைத்திலும் கம்பளம் விரித்திருக்கிறது. சகோதரிக்கோ முதுகுவலி, கனமான இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியவில்லை. கடைக்காரர் பெட்டி நிறையக் கருவிகளைக் காட்டி, அனைத்தும் வேண்டும் என்கிறார். கணவரோ, "அந்தத் துளைகளை அடைத்துவிட்டுச் சாதாரண இயந்திரம் ஒன்று வாங்கிக்கொள்வோம்" என்கிறார். எதை வாங்குவது, எதை விடுவது என்பது சகோதரியின் வினா.

வட அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இவ்வகை அமைப்பு உள்ள வீடுகள் ஏராளம். நம் பிள்ளைகள் பலர் அங்கே குடியேறியிருப்பதால் இவ்வினா அச்சகோதரி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. சாதாரண வாக்குவம் கிளீனர் வைத்திருப்போருக்கும் பிரஷ்களைப் பற்றிய செய்தி பயன்படும்.

இருமலில் பிறந்த இயந்திரம்

தூசியை ஊதித் தள்ளுவதை விட்டு, உறிஞ்சி எடுத்தால் என்ன என்று 1901ஆம் ஆண்டில் சிந்தித்தவர் லண்டன் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத். அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவரப்படும். அங்கிருந்து நீண்ட குழாய்கள் சன்னல் வழியே உள்ளே நுழைந்து கம்பளங்களின் தூசியை உறிஞ்சும். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் டேவிட் கென்னி என்பவர், இயந்திரத்தை ஓரிடத்தில் நிலையாக நிறுத்திக் குழாய்களைக் கட்டடம் முழுவதும் ஓடவிடும் முறையைக் கண்டார். 1902ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரிக் கட்டடத்தில் அவருடைய நீராவி இயந்திரம் நிறுவப்பட்டது. இன்றைய சுவர்த் துளைகளுக்கு மூலம் அதுவே.

கையால் இழுத்துச் செல்லும் இயந்திரத்தின் கதை இன்னும் சுவையானது. ஓஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர் ஜேம்ஸ் மர்ரி ஸ்பாங்ளர். அவருக்கு இழுப்பு நோய். கம்பளம் பெருக்கும்போது எழும் தூசியே தம் இருமலுக்குக் காரணம் என ஐயுற்ற அவர், ஒரு விசிறி மோட்டாரையும் துடைப்பக் கைப்பிடியையும் தலையணை உறையையும் இணைத்து, 1907இல் ஒரு கருவியை உருவாக்கினார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அக்காப்புரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயர் பின்னர் உலகெங்கும் பரவிற்று. இழுப்பால் வருந்திய ஓர் எளிய தொழிலாளியின் கண்டுபிடிப்பு, இழுப்பால் வருந்தும் சிறுவனின் தாய்க்கு இன்று பயன்படுவது பொருத்தமே அன்றோ?

ஸ்பாங்ளரின் சிறு இயந்திரம் வீடுகளைப் பிடித்துக்கொள்ள, சுவருக்குள் ஓடும் அமைப்பு நெடுங்காலம் பெரிய மாளிகைகளோடு நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், விலை குறைந்த, எடை குறைந்த பிளாஸ்டிக் குழாய்கள் வந்த பிறகே அது நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது.

நன்மை எங்கே இருக்கிறது?

சாதாரண வாக்குவம் கிளீனர் எந்த அறையில் தூசியை உறிஞ்சுகிறதோ அதே அறையில்தான் காற்றை வெளிவிடுகிறது. பையும் வடிகட்டியும் நயமற்றவையாயின் கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசி அக்காற்றோடு மீண்டும் அறைக்குள் கலந்துவிடும். சுவருக்குள் ஓடும் அமைப்பில் தூசி குழாய் வழியே நிலவறைக்கோ கார் நிறுத்தும் கொட்டகைக்கோ சென்று சேர்கிறது. அங்கிருந்து வெளிக்காற்று வீட்டுக்கு வெளியே விடப்படுமாயின், உறிஞ்சிய நுண்தூசி மீண்டும் அறைக்கு வருவதில்லை.

"விடப்படுமாயின்" என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். சில வீடுகளில் வெளிக்காற்று நிலவறையிலேயே விடப்படுகிறது. அச்சகோதரி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உருளையிலிருந்து புறப்படும் குழாய் வீட்டின் வெளிச்சுவரைக் கடந்து செல்கிறதா? செல்லவில்லையெனின், எந்தப் பிரஷ்ஷையும் வாங்குமுன் அதற்கு வழி செய்ய இயலுமா என்று அறிந்தவரை அழைத்துக் கேட்பது நன்று. இயலாதெனின் உயர்தர வடிகட்டி தேவை. ஹெபா எனப்படும் தரத்து வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுத்து நிறுத்த வல்லது.

பணப்பையைத் திறக்குமுன்

பழைய அமைப்பாதலால் முதலில் தூசித் தொட்டியைக் காலி செய்து, பையையோ வடிகட்டியையோ புதுப்பிக்க வேண்டும். வடிகட்டி அடைபட்டிருக்க, "மோட்டார் பழுது" என்று முடிவு கட்டிப் புதிய இயந்திரம் வாங்குவது வீண்விரயம். பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு சுவர் மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு தாளை அருகே பிடித்து இழுவையைப் பாருங்கள். ஒரு துளை வலுவாக இழுத்து மற்றொன்று சோர்ந்திருந்தால் இடையிலே அடைப்பு இருக்கலாம். எல்லாமே சோர்ந்திருந்தால் குறை இயந்திரத்திலோ வடிகட்டியிலோ இருக்கலாம். மூடிகளின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலும் காற்றுக் கசிந்து இழுவை குறையும். அந்த வளையத்திற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அடுத்து, துளை எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும். வட அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான துளைகளில் இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் மட்டும் 24 வோல்ட் அளவிலான மெல்லிய மின்னோட்டம் வருகிறது. சில துளைகளிலோ பிரஷ்ஷின் மோட்டாரைச் சுழற்றுவதற்கான 120 வோல்ட் மின்சாரமும் வருகிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாதவர், ஆணியையோ கம்பியையோ உள்ளே விட்டுச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. துளையின் மூடியைத் திறந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். குழாய் வாங்குவதில் நிகழும் பெரும்பாலான தவறுகளை அந்தப் படமே தடுத்துவிடும்.

குழாயின் நீளம்

கடைகளில் 30 அடி, 35 அடி நீளமுள்ள குழாய்கள் பரவலாகக் கிடைக்கின்றன. நீளம் மிகுந்தால் நலம் என்று எண்ணிவிட வேண்டா. நீளம் கூடக்கூட எடையும் கூடும். இழுவையும் சிறிது குறையும். முதுகுவலி உள்ளவருக்கு ஐந்தடி மிகுதியும் சுமையே. எனவே ஒரு கொடிக்கயிற்றை எடுங்கள். அதன் ஒரு நுனியைச் சுவர்த் துளையில் பிடித்துக்கொண்டு, கட்டிலையும் அலமாரியையும் சுற்றி, அத்துளைக்குரிய பகுதியின் கடைக்கோடி மூலைவரை செல்லுங்கள். மாடிப்படியையும் மறவாதீர்கள். அக்கயிற்றை அளந்தால் தேவையான நீளம் தெரிந்துவிடும். நீளக் குழலும் கையுமாக இன்னும் நான்கைந்து அடி எட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

குழாயில் கவனிக்க வேண்டியவை வேறு மூன்று உண்டு. ஒன்று, காலால் மிதித்தாலும் நசுங்காத உறுதி. இரண்டு, கைப்பிடியிலேயே ஓட்டி நிறுத்தும் சுவிட்ச். இல்லையெனின் ஒவ்வொரு முறையும் துளையருகே திரும்பி வர நேரும். மூன்று, கைப்பிடி இணையும் இடத்தில் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் அமைப்பு. மரச் சாமான்களும் சுவர் மூலைகளும் உராயாதிருக்கத் துணியுறை ஒன்றைக் குழாய்மீது மாட்டுவதுண்டு. அது ஆடம்பரமன்று, பயனுள்ளதே. குழாயை ஆணியில் தொங்கவிட்டால் அவ்விடத்தில் மடிந்து நாளடைவில் கிழியும். அகன்ற வளைவுள்ள கொக்கியில் சுற்றி வைக்க வேண்டும்.

கம்பளத்திற்கு எது?

செலவு மிகுந்ததும், சிந்தித்து வாங்க வேண்டியதும் இதுவே. கம்பளத்தின் மேலே கிடக்கும் நூலும் முடியும் வெறும் இழுவைக்கே வந்துவிடும். ஆனால் இழைகளின் அடியில் படிந்த மணலும் நுண்தூசியும் வெறும் காற்றுக்கு அசைவதில்லை. சுழலும் பிரஷ் இழைகளைத் தட்டிக் கலைத்தால்தான் அவை மேலெழும்.

சுழலும் பிரஷ் இரு வகை. முதல் வகையில் தனி மின் மோட்டார் இருந்து பிரஷ்ஷைச் சுழற்றும். தடித்த கம்பளத்திலும் இது தளராது. ஆனால் விலையும் எடையும் மிகுதி. மின்கம்பி பொதிந்த குழாயும் தேவை. இரண்டாம் வகையில் உறிஞ்சப்படும் காற்றே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி அதன்மூலம் பிரஷ்ஷை ஓட்டும். இது இலேசானது, விலை குறைந்தது, எந்தத் துளையோடும் சேரும். ஆனால் காற்றின் வலுவில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்வதால், இழை நீண்ட கம்பளத்தில் திணறி நின்றுவிடும்.

ஆகவே முடிவு இவ்வாறு அமையலாம். வீட்டின் பெரும்பகுதி கம்பளமாயின், அதிலும் இழுப்பு நோயாளி உள்ள வீடாயின், மின் மோட்டார் பொருந்திய பிரஷ்ஷுக்குச் செலவிடுவது தகும். சுவர்த் துளையில் 120 வோல்ட் இல்லையென்றாலும் அருகே சாதாரண மின்செருகி இருந்தால் போதும். அதில் செருகிக்கொள்ளும் வால்கம்பி உள்ள குழாய்களும் விற்கின்றன. வீட்டில் ஒன்றிரண்டு சிறு விரிப்புகள் மட்டுமே எனின் காற்றால் சுழலும் பிரஷ்ஷே போதும்.

எதுவாயினும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், முடி சிக்கினால் பிரஷ் உருளையை எளிதில் கழற்றும் வசதியும் உள்ளனவா என்று பாருங்கள். கையால் நெய்த கம்பளி விரிப்புகளிலும், ஓரத்தில் குஞ்சம் தொங்கும் தொழுகை விரிப்புகளிலும் சுழலும் பிரஷ்ஷை ஓட்டலாகாது. குஞ்சம் உருளையில் சுற்றி, நெசவையே பிரித்துவிடும். அவற்றிற்குச் சுழற்சியற்ற பிரஷ்ஷே உரியது. கம்பளம் பற்றி ஆராயும் அமெரிக்க அமைப்பான கார்ப்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிட்யூட், இயந்திரங்களைச் சோதிக்கும்போது மூன்றைப் பார்க்கிறது: அழுக்கை எவ்வளவு எடுக்கிறது, தூசியைக் காற்றில் விடாமல் எவ்வளவு அடக்குகிறது, கம்பளத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்பன அவை. நீங்களும் கடையில் இம்மூன்றையே கேளுங்கள்.

வெறுந்தரைக்கும் மூலைமுடுக்குக்கும்

மரத் தரைக்கும் ஓட்டுத் தரைக்கும் மென்மையான மயிர் அடர்ந்த, அகன்ற பிரஷ் வேண்டும். குதிரைமயிர் போன்ற இயற்கை மயிர் தரையைக் கீறாது. கடின பிளாஸ்டிக் சக்கரம் உள்ளதாயின் அதனடியில் மணல் சிக்கி மரத்தின் மெருகைக் கோடு கோடாகக் கிழிக்கும். வாங்குமுன் பிரஷ்ஷைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தரையைத் தொடும் பகுதி எதுவென்று தெரிந்துவிடும்.

சிறு கருவிகளில் மூன்று போதும். அலமாரிக்கும் சன்னல் திரைக்கும் நூல்களின் மேற்புறத்திற்கும் வட்ட வடிவத் தூசிப் பிரஷ். சோபாவுக்கும் மெத்தைக்கும் படிக்கட்டுக்கும் சிறு அகல வாய். சுவரோரத்திற்கும் இருக்கை இடுக்கிற்கும் ஒடுங்கிய நீள வாய். இவற்றோடு, உயரத்திற்கேற்ப நீட்டிக் குறைக்கும் குழல் ஒன்று. குனியாமல் நிமிர்ந்து நின்று வேலை செய்யும் உயரத்தில் அக்குழலை நிறுத்திக்கொள்வது முதுகுக்குப் பெரும் துணை.

வட அமெரிக்காவில் இக்கருவிகளின் வாய் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம். ஆயினும் சில தயாரிப்புகள் தமக்கே உரிய அளவும் பூட்டும் கொண்டவை. குழலை ஒரு முறை வாங்கிய பின்னர், வேறெந்தப் பிரஷ் வாங்கச் சென்றாலும் அதைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.

விட்டுவிடத் தக்கவை

வளர்ப்புப் பிராணிக்கான பிரஷ், கணினி விசைப்பலகைக்கான நுண்குழல்கள், ஒன்றுபோலவே இருக்கும் இரண்டாவது தரைப் பிரஷ் ஆகியன பெட்டியை நிரப்புமேயன்றி வீட்டைத் துலக்குவதில்லை. தேவை எழும்போது தனியே வாங்கலாம். சமையலறைச் சுவரின் அடியில் பதித்து, துடைப்பத்தால் தள்ளும் குப்பையைக் காலால் திறந்தவுடன் உறிஞ்சிக்கொள்ளும் வாய் ஒன்றும் உண்டு. குனிந்து முறத்தில் வார இயலாதவர்க்கு அது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் அதற்குச் சுவருக்குள் குழாய் வேலை தேவைப்படும். ஆதலால் வீட்டைப் புதுப்பிக்கும் காலத்தில் செய்துகொள்வதே சிக்கனம்.

புதிய இயந்திரம் விற்க முனைவோர் குதிரைத்திறனைச் சொல்லி மயக்குவர். குதிரைத்திறன் மோட்டார் விழுங்கும் ஆற்றலைக் காட்டுமேயன்றி இழுவையைக் காட்டாது. ஏர்வாட் எனும் அளவைக் கேளுங்கள். ஓடும் காற்றின் அளவையும் உறிஞ்சும் வலுவையும் சேர்த்துச் சொல்வது அதுவே.

உறிஞ்சலாகாதவை

நீர், சூடு ஆறாத சாம்பல், சுவர்ப்பூச்சு வேலையில் உதிரும் மாவு போன்ற தூள் ஆகியவற்றை இவ்வமைப்பில் உறிஞ்சலாகாது. முதலாவது மின்சார ஆபத்து, இரண்டாவது நெருப்பு, மூன்றாவது வடிகட்டியை அடைத்து மோட்டாரைக் கெடுக்கும். பல்குத்தும் குச்சி, கொண்டை ஊசி, பென்சில் போன்ற நீண்ட பொருள்கள் குழாயின் வளைவில் குறுக்கே நின்றுவிடும். பின்வரும் முடியும் நூலும் அதில் சேர்ந்து முழு அடைப்பாகும். பழைய வீடாதலால் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறோம். வட அமெரிக்காவில் 1970களின் இறுதிவரை கட்டப்பட்ட வீடுகளின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உதிரும் பழைய பூச்சைத் தாமே உறிஞ்ச முற்படாமல் அதற்குரிய வல்லுநரை அழைக்க வேண்டும்.

சுழலும் பிரஷ்ஷில் கை வைக்குமுன் மின் இணைப்பை நீக்குவது கட்டாயம். துப்பட்டாவின் நுனியையும் தரையில் புரளும் உடையையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தவழும் குழந்தையை அருகே விடாதீர்கள். மின்கம்பி பொதிந்த குழாய் கிழிந்தால் ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.

அந்தச் சிறுவனுக்காக

இழுப்பைத் தூண்டுவனவற்றுள் முக்கியமான ஒன்று, படுக்கையிலும் கம்பளத்திலும் வாழும் தூசிப் பூச்சியின் கழிவு. அப்பூச்சி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆனது. இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள பூச்சியை எந்த வாக்குவம் கிளீனரும் முற்றாக எடுத்துவிடாது. கழிவையும் அதன் உணவாகிய உதிர்ந்த தோல் துணுக்குகளையும் குறைக்கலாம், அவ்வளவே. எனவே கருவியை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைக்க வேண்டும். அறையின் ஈரப்பதத்தை நூற்றுக்கு 50க்குக் கீழ் வைத்தால் பூச்சி பெருகாது. அறையைத் துப்புரவு செய்யும்போதும், முடிந்து சிறிது நேரம் வரையிலும் சிறுவன் அங்கே இருக்க வேண்டா. அவனுடைய அறையிலிருந்து மட்டுமாவது கம்பளத்தை எடுத்துவிட்டு வெறுந்தரையாக்க இயலுமாயின், அது எந்தப் பிரஷ்ஷையும்விடப் பெரிய உதவி. மருத்துவர் தந்த மருந்தை ஒரு நாளும் நிறுத்தலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வாங்கும் வரிசை

அச்சகோதரிக்கு நம் விடை இதுவே. துளைகளை அடைக்க வேண்டா. சுமை தூக்காமல் படியேற வழி சுவருக்குள்ளேயே இருக்கிறது. முதலில் வடிகட்டியும் வெளிக்காற்றுக் குழாயும். அடுத்துக் கயிற்றால் அளந்த நீளத்திற்குக் குழாய். பின்னர் கம்பளத்திற்கு மின் மோட்டார் பிரஷ். அதன்பின் நீட்டுக் குழலும் மூன்று சிறு கருவிகளும். சிறுவனின் அறைக் கம்பளம் நீங்கும்போது வெறுந்தரைப் பிரஷ் ஒன்று. பெட்டியில் மீந்திருப்பவை கடையிலேயே இருக்கட்டும். அவற்றிற்காகும் பணத்தில் மகனின் மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி புகாத நெருக்கமான நெசவு உறைகள் வாங்கினால், இரவில் அவன் மூச்சு சற்றே இலேசாகும்.